ஆள் 4, மைக் கோளாறு

ஜூன் 3

என் ஆய்வு வழிகாட்டி ஐரின் மேடம் உத்தரவு போட்டுவிட்டார். ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் தேதி போட்டு நோட்டு எழுத வேண்டும். அளவுகள் மட்டும் போதாதாம். அன்று மழையா, யாருக்குச் சளி, கரண்ட் போனதா, பேச வந்தவர் சாப்பிட்டாரா பட்டினியா, வீட்டில் என்ன நடந்தது, எல்லாம் வேண்டுமாம். "எது பின்னால உதவும்னு இப்பத் தெரியாது சிந்து. எழுதி வெச்சிரு." நாற்பத்திரண்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்த பாவம் சும்மா விடுமா?

சரி, எழுதுகிறேன். பெயர் சிந்துகுமாரி. வீடு குழித்துறை. தமிழாசிரியை வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, வாரம் நான்கு நாள் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போய் மொழியியல் படிக்கிறேன். ஆகஸ்ட் 30க்குள் ஆய்வுச் சுருக்கம் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பேச்சுக்கு ஒரு கட்டுமானம் உண்டு. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, எங்கே மூச்சு என்று ஒரு வரிசை. ஒலிகள் அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டு மாறுகின்றன. "மாம்பழம் வாங்கினேன்" என்று வாக்கியத்தின் தலையில் வரும் ம நீளமாக, தெம்பாக நிற்கும். "நேற்று நல்ல மாம்பழம் வாங்கினேன்" என்று நடுவில் வந்தால் அதே ம ஒடுங்கிப் போகும். மூச்சு விடப்போகிற இடத்துக்கு முன்னால் கடைசி அசை இழுபடும். உலகத்தில் அநேகமாக எல்லா மொழிக்காரர்களும் இப்படிச் செய்கிறார்கள். எவ்வளவு செய்கிறார்கள் என்பதில்தான் மொழிக்கு மொழி பழக்கம் வேறு. அதனால் தமிழும் மலையாளமும் ஒன்றுபோல் பேசும் எங்கள் எல்லைப்பக்கத்து ஆட்கள் எட்டுப் பேரை இரண்டு மொழியிலும் வாசிக்கவைத்து, மில்லிசெகண்ட் கணக்கில் அளக்கிறேன்.

எட்டுப் பேரில் நட்சத்திரம் ஆள் 4. வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம்தான். பத்தொன்பது வருஷமாக நாகர்கோவில்–திருவனந்தபுரம் பஸ்ஸில் கண்டக்டர். "களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை" என்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் பழக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். போன வருஷம் பிப்ரவரியில் பதிவு செய்தபோது மற்ற ஏழு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். தலை ம 118, நடு ம 64. என் மூன்றாம் இயலின் வரைபடமே இவர் புண்ணியத்தில் நிற்கிறது. அன்று வாசித்து முடித்த பிறகு மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது என்றார். பஸ்ஸில் நாளெல்லாம் கத்துகிறவருக்கு இருபது நிமிட வாசிப்பில் தொண்டை கட்டியதாம். நடிப்பு என்று சிரித்தேன்.

இப்போது மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் புதிய வெடி வைத்திருக்கிறார். அதே ஆட்கள் இன்னொரு நாள் வாசித்தாலும் இதே அளவு வருமா? நியாயமான கேள்வி. அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது. எட்டுப் பேரையும் மறுபடி கூப்பிட வேண்டும்.

ஜூன் 6

பால் தீய்ந்து பாத்திரம் கருகிவிட்டது. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கேயே வாடை அடித்தது. இவர் அடுப்படியை ஒட்டிய நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

"மூக்க டெப்போல கழட்டி வெச்சிட்டு வந்திட்டியளா?" என்று கத்தினேன்.

"எனக்கு ஒண்ணும் மணக்கலட்டி," என்றார், மெதுவாக.

பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலி. மேடம் எல்லாம் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். இது எந்த இயலில் உதவப்போகிறதோ.

ஜூன் 11

ஆள் 4, ஆள் 5 மறுபதிவு. மழை இல்லை. இருவருக்கும் சளி இல்லை. கரண்ட் இருந்தது. இருவரும் இட்லி சாப்பிட்டிருந்தார்கள்.

இவருக்கு வார விடுமுறை என்பதால் கூட்டிக்கொண்டு போனேன். பதிவு அறையில் ஒலிமானியின் பச்சைக் கோடு பாதிகூட ஏறவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து "கொஞ்சம் சத்தமா" என்று சைகை காட்டினேன்.

"சத்தமாத்தான் படிக்கேன்."

"எனக்குக் கேக்கணும்லா."

"காது கேக்காட்டா நான் என்ன செய்ய?"

ஒலியளவுத் திருகைக் கூட்டி வைத்துப் பதிந்தேன். வெளியே வரும்போது வாசலில் நின்று சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். பஸ் போய்விடும் என்று நானே போட்டுவிட்டேன். ஆள் 5 சாந்தகுமாரி டீச்சர் எங்களைப் பார்த்து, இந்த வயதிலும் இப்படியா என்று கேலி செய்தார். வெட்கமாகப் போய்விட்டது.

ஜூன் 12

மழை. துணி காயவில்லை.

ஜூன் 19

அளந்தேன். அளக்காமலே இருந்திருக்கலாம்.

ஆள் 1, 2, 3 போன வருஷம் போலவே. ஆள் 4: தலை ம 71, நடு ம 66. கடைசி அசை போன வருஷம் 190 வரை இழுபட்டது, இப்போது 112. குரலின் ஏற்ற இறக்கக் கோட்டைத் திரையில் பார்த்தால் தேங்கிய குளம். வாக்கியம் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று காதை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எல்லாம் ஒரே உயரம், ஒரே நீளம்.

மைக்தான் கோளாறு. வேறென்ன?

இதை இப்படியே கொடுத்தால் குழு என்னைச் சும்மா விடாது. "உங்கள் சிறந்த ஆளே மறுபதிவில் மாறிவிட்டாரே அம்மா" என்பார்கள். ஆகஸ்ட் 30க்கு இன்னும் எழுபத்திரண்டு நாள்.

ஜூன் 20

அதே மைக், அதே அறை, அதே மத்தியானம். ஆள் 5 டீச்சரின் பதிவு கண்ணாடிபோல் இருக்கிறது.

அப்படியானால் இவர் வேண்டுமென்றே வாசித்திருக்கிறார். ஒருநாள் விடுமுறையையும் பிடுங்கிவிட்டேன் என்ற கடுப்பு. சாயா குடிக்கும்போது கேட்டேவிட்டேன்.

"வேணும்ணே அப்பிடிப் படிச்சியளா?"

"எப்பிடி?"

"உறங்கிக்கிட்டு படிச்ச மாதிரி."

என் முகத்தையே பார்த்தார். கோபமா வருத்தமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நான் படிச்ச மாதிரிதான் படிச்சேன்," என்றார். பிறகு எழுந்து போய் டிக்கெட் மெஷின் பையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் தேவையே இல்லாத பை.

ஜூன் 27

மகள் நிவ்யா கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். அப்பாவிடம் பேசிவிட்டு மறுபடி என்னிடம் வந்தாள்.

"அம்மா, அப்பா என்மேல கோவமா இருக்காவளா?"

"ஏன், ஏசினாவளா?"

"ஏசல. நல்லாத்தான் பேசினாவ. 'நல்லா படி மக்கா'ண்ணு சொன்னாவ. ஆனா சொன்ன மாதிரியே இல்ல."

பெண்ணுக்கு என் புத்தி. எல்லாவற்றிலும் குறை கேட்கும். பரீட்சைப் பயம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 2

இவர் மேசைமேல் விடுப்பு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார். முதல் வரி ஒழுங்காக இருக்கிறது. போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் கையெழுத்து அரிசி நொய் அளவு. "காகிதம் மிச்சம் பண்ணுகியளா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்குச் சிரிப்பார்.

இன்று வேறொன்றையும் எழுத வேண்டும் போலிருக்கிறது. என் மாமனார் வேலப்பனைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவள் நான். நடுக்குவாதம். கையில்தான் ஆரம்பித்தது. வலதுகைக் கட்டைவிரல் காசு எண்ணுவதுபோல் ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு சோறு சிந்தியது, பிறகு நடை போனது, கடைசி மூன்று வருஷம் கட்டில். அந்த நோய் எப்படி வரும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வந்தால் முதலில் கை ஆடும்.

சாயா கொடுக்கும்போது டம்ளரை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தேன். ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கினார். பாறைபோல் கை. எதற்கு நிரப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 9

முடிவு செய்துவிட்டேன். ஆள் 4இன் ஜூன் பதிவை நீக்குகிறேன். பிப்ரவரிப் பதிவு இருக்கும். மறுபதிவு ஏழு பேருக்குத்தான் கிடைத்தது என்று எழுதினால் போதும். யாரும் தூக்கில் போடமாட்டார்கள்.

நீக்கப்பட்ட பதிவுகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. ஆள், தேதி, காரணம். காரணம் எழுதாமல் நீக்க முடியாது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: "ஆள் 4, ஜூன் 11, மைக் கோளாறு."

படம் மறுபடி அழகாகிவிட்டது. சோறு இறங்கவில்லை. வெயில் அதிகம்.

ஜூலை 15

ஐரின் மேடத்திடம் பிடிபட்டேன். அந்த மனுஷி பட்டியலைப் பார்த்தால் தேதியை முதலில் பார்ப்பார்.

"அதே நாள் அதே மைக்ல ஆள் 5 இருக்காங்களே. அவங்கள ஏன் நீக்கல?"

நீக்கிய பதிவைத் திரையில் போடச் சொன்னார். தமிழ் வாக்கியம் கேட்டார். மலையாள வாக்கியம் கேட்டார். மறுபடி தமிழ். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ என்ன சொல்ற ஆராய்ச்சியில? தமிழுக்கு ஒரு பழக்கம், மலையாளத்துக்கு ஒரு பழக்கம். சரிதானே?"

"ஆமா மேடம்."

"மத்த ஏழு பேரும் மொழி மாத்தினா அளவு மாறுது. இவர்கிட்ட ரெண்டு மொழியும் ஒண்ணுபோலப் படுத்துக்கிடக்கு. அப்ப இது மொழியில இல்ல சிந்து. ஆள்ல இருக்கு." பிறகு, என்னைப் பார்க்காமல், "அவர் உடம்பு எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கார். கை ஆடலை," என்றேன்.

மேடம் கையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

ஜூலை 16

கை ஆடவில்லை. மூன்று தடவை பார்த்தேன்.

ஜூலை 21

இன்று துறைக்குப் போகவில்லை. பஸ்ஸில் போனேன், இவருடைய பஸ்ஸில், இவருக்குச் சொல்லாமல். நாகர்கோவில் ஸ்டாண்டில் கூட்டத்தோடு பின்வாசலில் ஏறி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து வேவு பார்க்கிற பெண்டாட்டி. கேவலமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இறங்கவில்லை.

இவர் முன்வாசலில் நின்றார். பஸ் கிளம்பும் நேரம். வாயைத் திறப்பதைப் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை.

கேட்டது வேறொரு குரல். முன் சீட்டில் தோவாளைப் பூக்காரி ஒருத்தி, மடியில் பூக்கூடை. "தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, திருவனந்தோரம் போறவிய ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். இவர் டிக்கெட் போட்டுக்கொண்டே அவளைப் பார்த்துத் தலையாட்டினார். தக்கலையில் அவளே கூப்பிட்டாள். அழகியமண்டபத்தில் ஒரு காலேஜ் பெண் கூப்பிட்டாள். மார்த்தாண்டத்தில் டிரைவர் கிறிஸ்துராஜே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டார். யாருக்கும் இது புதுசாக இல்லை. மாலை தொடுக்கிறதுபோல் ஆளுக்குக் கொஞ்சமாகத் தொடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

டிக்கெட் போட இவர் பின்னால் வந்தார். நடையைப் பார்த்தேன். இடதுகை கம்பியைப் பிடிக்காதபோது வீசவே இல்லை. உடம்போடு ஒட்டித் தொங்கியது. இதை எத்தனை நாளாகப் பார்க்காமல் இருந்தேன்? கடைசி வரிசைக்காரர்கள் காசைக் கைமாற்றி நீட்டியதால் என் சீட்டுக்கு இரண்டு வரிசை முன்னாலேயே திரும்பிவிட்டார். என்னைக் கவனிக்கவில்லை.

களியக்காவிளையில் சாயாவுக்கு நிறுத்தினார்கள். இவர் கடைக்குள் போனதும் கிறிஸ்துராஜ் என் ஜன்னலுக்கு வந்தார். கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"அண்ணி, நானே வந்து சொல்லணும்ணு இருந்தேன். அண்ணன் சத்தியம் வாங்கிட்டாவ."

"எவ்வளவு நாளா?"

"கூப்பிட முடியாம ஆனது நாலஞ்சு மாசமா. புகார் வந்தா டெப்போக்குள்ள இருத்திருவாவ, அப்பொறம் மெடிக்கல் போர்டு. அதாக்கும் நாங்க எல்லாரும்..."

"எங்கிட்ட ஏன் சொல்லாண்டாம்ணாவ?"

கிறிஸ்துராஜ் தலையைச் சொறிந்தார். "'அவ எங்கப்பனப் பதினொரு வருஷம் தூக்கிச் சொமந்தவ. இன்னொரு தடவ அவகிட்ட எப்பிடிச் சொல்ல'ண்ணு கேட்டாவ அண்ணி."

பாறசாலை வருமுன் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று வீட்டுக்கு பஸ் பிடித்தேன். வழியெல்லாம் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டார்.

ஜூலை 23

இவருக்கு விடுமுறை. சோறு வடித்து வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து இரண்டு பதிவையும் போட்டேன். முதலில் பிப்ரவரி. "மாம்பழம் வாங்கினேன்." பிறகு ஜூன். "மாம்பழம் வாங்கினேன்."

"அணைச்சிரு," என்றார்.

அணைத்தேன்.

"எங்கப்பனுக்குக் கைதான் ஆடிச்சு," என்றார். "நான் தெனமும் காலைல எழும்பினதும் கையப் பாப்பேன். நீட்டி வெச்சுப் பாப்பேன். ஆடாது. அப்ப அது இல்லேண்ணு சட்டை போடுவேன். பட்டன் போட நேரம் ஆவும். ஆனாலும் கை ஆடலலா."

"நானும் அதத்தான் பாத்தேன்," என்றேன்.

"எத?"

"ஒங்க கைய. சாயா டம்ளர நெறச்சு நெறச்சுத் தந்து பாத்தேன்."

"அதாக்கும் நாக்கு வெந்துச்சு," என்றார்.

இருவரும் சிரித்தோம். இவர் சிரித்தபோது முகம் அசையவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே கையைக் காவல் காத்திருக்கிறோம். திருடன் தொண்டை வழியாக வந்துவிட்டான்.

டாக்டரிடம் நேரம் வாங்கினேன். ஆகஸ்ட் 2.

ஜூலை 29

பயமாக இருக்கிறது. கட்டிலின் இரும்புச் சத்தம், மாமனாரைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது வருமே, அது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கட்டிலை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 2

டாக்டர் இளைய பெண்மணி. இவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு பக்கம் எழுதச் சொன்னார். பிறகு கேட்டார்:

"எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"ஒரு மாசமா," என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது? தேதி சரியாத் தெரிஞ்சா எனக்கு உதவும்."

பையில் நோட்டு இருந்தது. ஆராய்ச்சிக்காக எப்போதும் இருக்கும். எடுத்து வாசித்தேன். ஜூன் 6, பால் தீய்ந்தது மணக்கவில்லை. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஜூன் 11, சத்தம் ஏறவில்லை, பட்டன். ஜூன் 19, 118 இருந்த இடத்தில் 71. ஜூன் 27, மகள் கேட்டது. ஜூலை 2, எழுத்து சிறுத்தது. ஜூலை 21, இடதுகை வீசவில்லை. வாசிக்க வாசிக்க என் குரல் என் காதுக்கே சகிக்கவில்லை. எல்லாம் எழுதியிருக்கிறேன். மழையைக்கூட எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. இல்லை, அது பொய். பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். பார்த்துவிட்டு அடுத்த வரியில் கேலி செய்திருக்கிறேன்.

"இதெல்லாம் எழுதி வெச்சிருக்கியா?" என்றார் இவர்.

"ஆமா."

"அப்ப நானும் சொல்லிருதேன் டாக்டர்." தொண்டையைச் செருமினார். "ஒரு மாசம் இல்ல. போன வருஷம் பிப்ரவரி மாசம் இவ ரெக்கார்டிங் எடுத்தா. அன்னைக்கே தொண்ட சொன்னபடி கேக்கல. இவ ஆராய்ச்சி கெட்டுப்போவப்பிடாதுண்ணு நெஞ்சில உள்ள பலத்தையெல்லாம் வெச்சுப் படிச்சேன். மூணு நாளு தொண்ட கட்டிக் கெடந்துது. இவ நடிப்புண்ணு சிரிச்சா. நானும் சிரிச்சேன்."

என் மூன்றாம் இயலின் படம். 118. அத்தனை பேருக்கும் பெருமையாகக் காட்டிய அந்த ம, என் புருஷன் எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி நிறுத்தியது. அதைத்தான் "மிகத் தெளிவான எடுத்துக்காட்டு" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மாமனாருக்கு வந்ததேதான். "எல்லாருக்கும் கை ஆடிக்கிட்டே ஆரம்பிக்கணும்னு இல்லம்மா. சிலருக்கு ஆடறதே இல்ல. வாசனை, எழுத்து, குரல், இதெல்லாம் முன்னாடியே போகலாம். உங்க மாமனாருக்கு வந்த மாதிரியேதான் இவருக்கும் போகும்னும் இல்ல. அது இருபது வருஷத்துக்கு முன்னால ஆரம்பிச்ச கதை." மாத்திரை எழுதினார். குரல் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார். வீட்டில் தினமும் சத்தமாக, இவருக்கே கத்துவதுபோல் தோன்றும் அளவுக்குச் சத்தமாகப் பேச வேண்டும். "அவருக்கு இப்ப தன்னோட சத்தம் சரியாத் தெரியாது. சத்தமாத்தான் பேசறோம்னு நெனச்சுக்குவார். வெளிய இருந்து ஒருத்தர் உண்மையச் சொல்லணும்."

'சத்தமாத்தான் படிக்கேன்' என்று அவர் சொன்னது பொய்யே இல்லை.

ஆகஸ்ட் 5

ஐரின் மேடத்திடம் எல்லாம் சொன்னேன். ஆள் 4இன் இரண்டு பதிவையும் எடுத்துவிட்டு மற்ற ஏழு பேரை வைத்துக் கணக்கிட்டோம். படம் இளைத்துவிட்டது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது, ஆனால் முன்பு மலை, இப்போது மேடு. குழு கேள்வி கேட்கும். கேட்கட்டும். முன்பு அழகான படத்தை வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தேன். இப்போது இளைத்த படத்தை வைத்துக்கொண்டும் தூங்கவில்லை, ஆனால் காரணம் வேறு.

நீக்கப்பட்ட பதிவுகளின் பட்டியலைத் திறந்தேன். "மைக் கோளாறு" என்பதை அடித்துவிட்டு, "பேசியவருக்கு நரம்பு நோய்; பிப்ரவரியிலேயே தொடங்கியிருந்தது; அளந்தவர் கவனித்தும் தவறான காரணம் எழுதினார்" என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டு, "கடைசி வரி தேவையில்ல," என்றார். இருக்கட்டும் என்றேன். விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 14

டெப்போவில் இவரை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் இவருக்காகக் கூப்பிட்ட பூக்காரி லீலா ஒரு முழம் பிச்சிப்பூ கொடுத்தனுப்பியிருக்கிறாள். இவருக்கு மணக்கவில்லை. என் தலையில் வைக்கச் சொல்லிவிட்டு, "இப்ப மணக்கா?" என்று என்னிடம் கேட்டார். மணக்குது என்றேன்.

மாத்திரையில் பட்டன் கொஞ்சம் வேகமாகிறது. குரல் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாதாம். அதற்குப் பயிற்சிதான்.

ஆகஸ்ட் 22

நிவ்யாவிடம் சொன்னோம். "அப்ப எங்கிட்ட கோவம் இல்ல," என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

ஆகஸ்ட் 30

ஆய்வுச் சுருக்கம் கொடுத்துவிட்டேன். இளைத்த படத்தோடு.

காலையில் ஆறு மணிக்கே இவர் மாடிக்குப் போய்விட்டார். பயிற்சிக்கு டாக்டர் கொடுத்த வாக்கியங்கள் பிடிக்கவில்லையாம், தன் ரூட்டையே வைத்துக்கொண்டார். நான் கீழே கிணற்றடியில் நிற்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. நாகர்கோவிலில் கிளம்பினார். வில்லுக்குறி. தக்கலை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மார்த்தாண்டம். குழித்துறை. களியக்காவிளையின் கடைசி அசை இழுபட்டது. நீண்டது நிஜமா, பிப்ரவரியைப்போல் எனக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீட்டியதா? பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை. ரெக்கார்டர் உள்ளே மேசைமேல் இருக்கிறது. எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எல்லாம் கேட்டுதாட்டி?"

கேட்டுது என்று சொல்ல வாயெடுத்தேன். இருபது வருஷப் பழக்கம்.

"களியக்காவிளை வரைக்கும் கேட்டுது," என்றேன். "பாறசாலை கேக்கல."

தலையாட்டினார். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்து, நிமிர்ந்து, மூச்சை இழுத்து, பாறசாலையை மறுபடி கூப்பிட்டார்.